சைக்கிள் ஹெல்மெட்: ஒன்றுபோலத் தெரியும் இரண்டு கேள்விகள்

சைக்கிளில் போனவர் அடிபட்டார் என்று செய்தி வந்தால், படிப்பவர்கள் வாயில் முதலில் வரும் கேள்வி "ஹெல்மெட் போட்டிருந்தாரா?" என்பதுதான். இடித்தது எந்த வண்டி, என்ன வேகத்தில் வந்தது, அந்தச் சாலையில் சைக்கிளுக்கு இடம் இருந்ததா என்பதெல்லாம் பின்னுக்குப் போய்விடும். பல நேரம் கேட்கப்படுவதே இல்லை.

அதன் பிறகு விவாதம் இரண்டு கட்சியாகப் பிரியும். "ஹெல்மெட் உயிர் காக்கும், அதனால் சட்டம் போட்டே ஆக வேண்டும்" என்பது ஒரு கட்சி. "சட்டம் போட்ட ஊரில் சைக்கிள் ஓட்டுவதே குறைந்துபோனது, ஆகவே ஹெல்மெட் எல்லாம் வெறும் ஏமாற்று" என்பது மற்றொன்று. இரண்டு பேரும் "அதனால்", "ஆகவே" என்ற இடத்தில்தான் சறுக்குகிறார்கள். ஹெல்மெட் தலையைக் காக்குமா என்பது இயற்பியலும் மருத்துவமும் பதில் சொல்ல வேண்டிய கேள்வி. ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கினால் ஊரில் என்ன நடக்கும் என்பது மனிதர்களின் பழக்கத்தைப் பற்றிய கேள்வி. முதலாவதற்கு "ஆம்" என்று சொல்லிவிட்டு இரண்டாவதற்கு "தெரியவில்லை, பார்க்க வேண்டும்" என்று சொல்வதில் எந்த முரணும் இல்லை. தனித்தனியாகவே பார்ப்போம்.

## பந்தைப் பிடிக்கும் கை

வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையை விறைப்பாக நீட்டி வைத்திருக்கமாட்டோம். பந்து உள்ளங்கையில் பட்டதும் கையைப் பின்னால் இழுப்போம். பந்தின் வேகம் எப்படியும் சுழியாகத்தான் வேண்டும். அது ஒரே இடத்தில் பட்டென்று நின்றால் வலி. அரை அடி நகர்ந்து நின்றால் வலி இல்லை. இந்த அரை அடியை நிற்கும் தூரம் என்று வைத்துக்கொள்வோம். ஹெல்மெட்டின் முழு ரகசியமும் இந்தச் சொல்லுக்குள் அடங்கிவிடும்.

சைக்கிளில் உட்கார்ந்திருப்பவரின் தலை தரையிலிருந்து ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து எது விழுந்தாலும் தரையைத் தொடும்போது அதன் வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர். வெறும் தலை தார்ச்சாலையில் மோதினால் ஓரிரு மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும். 2 மில்லிமீட்டர் என்றே வைத்துக் கணக்குப் போட்டால், தலை உணரும் சராசரி முடுக்கம் புவியீர்ப்பைப் போல 750 மடங்கு. அதே தலை 2 சென்டிமீட்டர் நகர்ந்து நின்றால் 75 மடங்கு. தூரம் பத்து மடங்கு கூடினால் அடி பத்தில் ஒன்றாகக் குறைகிறது. அந்த 2 சென்டிமீட்டரைத் தருவதற்காகத்தான் ஹெல்மெட்டை மாட்டுகிறோம்.

அதைத் தருவது ஹெல்மெட்டின் வெளி ஓடு என்று பலர் நினைக்கிறார்கள். வழவழப்பான அந்த மெல்லிய பிளாஸ்டிக் ஓடு பெரும்பாலும் உள்ளே இருப்பது சிதறாமல் பிடித்துக்கொள்ளவும், தரையில் சிக்காமல் வழுக்கிப் போகவும்தான். உண்மையான வேலையைச் செய்வது உள்ளே இருக்கும் நுரை. தொலைக்காட்சிப் பெட்டியைச் சுற்றி வைத்து அனுப்புவார்களே, அந்தத் தெர்மாகோலின் அடர்த்தியான உறவினர் அது. நசுங்கும்போது மோதலின் ஆற்றலைத் தனக்குள் வாங்கிக்கொள்கிறது. நசுங்கிய தெர்மாகோல் திரும்ப எழாது என்பதால் சைக்கிள் ஹெல்மெட் ஒரே ஒரு பெரிய அடிக்குத்தான். வெளியே கீறல்கூட இல்லாமல் இருக்கலாம். உள்ளே நுரை ஏற்கெனவே நசுங்கியிருக்கும். ஒருமுறை பலமாக விழுந்து எழுந்தபின் "நன்றாகத்தானே இருக்கிறது" என்று அதையே மாட்டிக்கொண்டு போவது, எரிந்து முடிந்த தீக்குச்சியைப் பெட்டிக்குள் திரும்பப் போட்டு வைப்பது போலத்தான்.

## எந்த உயரம் வரை தாங்கும்?

இங்கேதான் எதிர்பார்ப்பு எல்லை மீறிப் போகிறது. ஐரோப்பியத் தரமான ஈ.என். 1078, ஹெல்மெட் மாட்டிய உலோகத் தலை மாதிரியை ஏறக்குறைய 1.5 மீட்டர் உயரத்துக்குச் சமமான வேகத்தில் தட்டையான இரும்பின்மேல் மோதவிட்டுப் பார்க்கிறது. உச்ச முடுக்கம் புவியீர்ப்பைப் போல 250 மடங்கைத் தாண்டக்கூடாது. அமெரிக்கத் தரத்தில் உயரம் 2 மீட்டர், வரம்பு 300 மடங்கு. இரண்டுமே சைக்கிளிலிருந்து தரையில் விழுவதைத்தான் மனதில் வைத்திருக்கின்றன. கார் வந்து மோதுவதற்கான சோதனை இந்தத் தரங்களில் இல்லை.

இதைக் கேட்டதும் சிலர், "நான் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஓட்டுகிறேன், 20க்குச் சோதித்த ஹெல்மெட் எனக்கு எதற்கு?" என்பார்கள். ஓட்டும் வேகம் வேறு, தலை தரையை நோக்கி இறங்கும் வேகம் வேறு. சக்கரம் வழுக்கி விழுந்தால் 30 கிலோமீட்டர் வேகத்தின் பெரும்பகுதி சாலையோடு உரசித் தேய்ந்து போகும். தோலும் சட்டையும் கிழியும், மறுக்கவில்லை. மண்டையை உடைப்பது கீழ்நோக்கிய வேகம். அது விழும் உயரத்தைப் பொறுத்தது. அதனால் 30இல் ஓட்டி விழுபவருக்கும் அந்த ஹெல்மெட் பயன்படவே செய்யும். நேராகச் சுவரிலோ காரிலோ தலை மோதினால் கதை வேறு.

அந்த வேறு கதையையும் உயரமாக மாற்றிப் பார்க்கலாம். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது சுமார் மூன்றரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 50 கிலோமீட்டர் என்றால் ஏறக்குறைய 10 மீட்டர், அதாவது மூன்று மாடி. வேகம் இரட்டிப்பானால் ஆற்றல் நான்கு மடங்காகும் என்று பள்ளியில் படித்தது இதுதான். மூன்று மாடியிலிருந்து குதிப்பவரிடம் "தெர்மாகோல் தொப்பி இருக்கிறது, பயப்படாதே" என்று யாரும் சொல்லமாட்டோம்.

## வாளிக்குள் தண்ணீர்

இன்னொரு வகை அடியும் உண்டு. பாதி தண்ணீர் நிரம்பிய வாளியைச் சட்டென்று ஒரு பக்கம் திருகிப் பாருங்கள். வாளி திரும்பும், தண்ணீர் உடனே திரும்பாது. மண்டை ஓட்டுக்குள் மூளையும் அப்படித்தான். விழும்போது தலை பெரும்பாலும் சாய்வாகத்தான் மோதுகிறது. தரை தலையைச் சரக்கென்று திருகிவிட, மண்டை ஓடு முந்திச் சுழலும், மூளை பின்தங்கும். இடையில் மூளையின் மெல்லிய நரம்பிழைகளும் ரத்தக்குழாய்களும் இழுபடும். இது சுழற்சிக் காயம். மண்டையில் விரிசலே இல்லாமல் ஒருவர் நினைவிழப்பதற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

பழைய தரச் சோதனைகள் நேர்மோதலை மட்டுமே அளந்தன. ஸ்வீடனில் உருவான மிப்ஸ் போன்ற அமைப்புகள் ஹெல்மெட்டுக்குள் ஒரு வழுக்கும் அடுக்கை வைத்து, மோதும் கணத்தில் ஹெல்மெட் மட்டும் சில மில்லிமீட்டர் திரும்ப இடம் கொடுக்கின்றன. வாளியைச் சுற்றி இன்னொரு வாளி, வெளிவாளி மட்டும் திரும்புகிறது என்று கற்பனை செய்துகொள்ளலாம்.

இதுவரை பார்த்ததைச் சுருக்கினால்: ஹெல்மெட் நிற்கும் தூரத்தைக் கூட்டி அடியைக் குறைக்கிறது, சைக்கிளிலிருந்து விழும் வேகத்துக்கு அது நன்றாக வேலை செய்யும், வேகமாக வரும் மோட்டார் வண்டிக்கு முன் அதன் எல்லை சீக்கிரம் வந்துவிடும். விபத்து நடப்பதை அது தடுப்பதில்லை. விபத்து நடந்த பிறகுதான் அதன் வேலை தொடங்குகிறது.

## 85 என்ற எண் எங்கிருந்து வந்தது?

"ஹெல்மெட் போட்டால் தலைக்காயம் 85 சதவீதம் குறையும்." இந்த வாக்கியத்தை எங்காவது கேட்டிருப்பீர்கள். அமெரிக்காவின் சியாட்டிலில் நடந்து, 1989இல் வெளியான ஓர் ஆய்விலிருந்து வந்தது இது. சைக்கிளில் விழுந்து தலையில் காயத்தோடு மருத்துவமனைக்கு வந்தவர்களில் 7 சதவீதம் பேர் ஹெல்மெட் அணிந்திருந்தார்கள். சைக்கிளில் விழுந்து கை, கால் என்று வேறு இடத்தில் அடிபட்டு வந்தவர்களில் 24 சதவீதம் பேர் அணிந்திருந்தார்கள். தலையில் அடிபட்ட கூட்டத்தில் ஹெல்மெட் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்பதிலிருந்து, வயது முதலியவற்றைக் கணக்கில் எடுத்துக்கொண்டு வந்த எண்தான் 85.

முறை நல்ல முறை. ஆனால் ஒரு ஓட்டை உண்டு. அந்தக் காலத்தில் தானாக முன்வந்து ஹெல்மெட் வாங்கி அணிந்தவர்கள் யார்? கொஞ்சம் நிதானமானவர்கள், பூங்காவில் ஓட்டும் குழந்தைகள், வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள். அவர்கள் எப்படியும் மெதுவாகத்தான் விழுந்திருப்பார்கள் என்றால், அந்தப் பெருமையில் ஒரு பங்கு ஹெல்மெட்டுக்குச் சேராது. எவ்வளவு பங்கு என்பதில்தான் சண்டை. பிறகு வந்த ஆய்வுகள் பலவற்றில் எண் இவ்வளவு பெரிதாக வரவில்லை. 2013இல் அமெரிக்க அரசு அமைப்புகள் இரண்டு அந்த 85ஐத் தங்கள் பிரசுரங்களிலிருந்து எடுத்துவிட ஒப்புக்கொண்டன.

அதற்காக ஹெல்மெட் பயனற்றது என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆலிவியர், கிரைட்டன் இருவரும் 40 ஆய்வுகளை, 64,000க்கும் மேற்பட்ட காயமடைந்தவர்களின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்து 2016இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 51 சதவீதமும், கடுமையான தலைக்காயம் 69 சதவீதமும், உயிர்போக்கும் தலைக்காயம் 65 சதவீதமும் குறைவாக இருந்தன. பாதிக்குப் பாதி என்பதே பெரிய விஷயம்.

இந்த எண்களைப் படிக்கும்போது ஒன்றை மறக்கக் கூடாது. இவை எல்லாம் ஏற்கெனவே விழுந்தவர்களைப் பற்றியவை. "51 சதவீதம்" என்றால் சாலையில் இறங்கும் எல்லோருக்கும் ஆபத்து பாதியாகிவிட்டது என்று பொருள் இல்லை. விழுந்துவிட்டீர்கள், ஹெல்மெட் இருக்கிறது; அப்போது தலையில் காயம் ஏற்படும் வாய்ப்பு பாதி. வயிற்றிலோ நெஞ்சிலோ லாரிச் சக்கரம் ஏறுவதைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லவில்லை.

## இப்போது இரண்டாவது கேள்வி: சட்டம்

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 1990 ஜூலை 1 முதல் எல்லா வயதினருக்கும் சைக்கிள் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கியது. இப்படி முதலில் செய்தது அதுதான். ஹெல்மெட் அணிபவர்கள் ஓராண்டுக்குள் சுமார் 31 சதவீதத்திலிருந்து 75 சதவீதமாக உயர்ந்தார்கள். தலைக்காயத்தோடு மருத்துவமனைக்கு வருபவர்களும் குறைந்தார்கள். வெற்றி என்று கைதட்டத் தோன்றும்.

அதே காலத்தில் அந்த மாநிலத் தலைநகர் மெல்பர்ன் தெருக்களில் சைக்கிள்களை எண்ணியவர்கள் இன்னொன்றையும் கண்டார்கள். சைக்கிளில் போகும் சிறுவர்களும் பதின்வயதினரும் கணிசமாகக் குறைந்திருந்தார்கள். ஆக, தலைக்காயம் குறைந்தது ஹெல்மெட்டாலா, சைக்கிள் ஓட்டுபவர்களே குறைந்ததாலா? போதாக்குறைக்கு அதே நேரத்தில் வேகக் கட்டுப்பாடும் குடிபோதையில் ஓட்டுவதற்கு எதிரான நடவடிக்கையும் அங்கே தீவிரமாகியிருந்தன. ஒரே சமயத்தில் மூன்று நான்கு மாற்றங்கள் நடந்தால் எது எதற்குக் காரணம் என்று பிரிப்பது கடினம். எண்ணிய இடங்கள், வானிலை என்று அந்தக் கணக்கெடுப்பிலேயே குறை கண்டவர்களும் உண்டு. முப்பது ஆண்டு கடந்தும் ஆய்வாளர்கள் இதைப் பற்றி ஒருவரையொருவர் மறுத்து எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நியூசிலாந்து 1994இல் சட்டம் கொண்டுவந்தது, இன்றும் வைத்திருக்கிறது. மெக்சிகோ நகரம் 2010இல் கைவிட்டது. பொதுச் சைக்கிள் வாடகைத் திட்டத்துக்கு அது முட்டுக்கட்டையாக இருந்தது. ஓர் இடத்தில் சைக்கிளை எடுத்து இன்னோர் இடத்தில் விட்டுப்போகும் திட்டத்தில், கையில் ஹெல்மெட்டோடு யார் அலைவார்கள்? சட்டத்தைக் கைவிடாத மெல்பர்னில் அப்படியொரு திட்டம் 2010இல் தொடங்கி 2019இல் மூடப்பட்டது. ஹெல்மெட் சட்டம் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது, ஆனால் காரணங்களின் பட்டியலில் அது எப்போதும் இருந்தது. ஸ்வீடன் 15 வயதுக்குட்பட்டவர்களுக்கும் பிரான்ஸ் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கும் மட்டும் கட்டாயமாக்கின. ஜப்பான் 2023 ஏப்ரலில் எல்லா வயதினரும் அணிய "முயல வேண்டும்" என்று சட்டத்தில் எழுதி, அபராதம் எதுவும் வைக்காமல் விட்டது.

என்னை மிகவும் யோசிக்க வைத்தது சியாட்டில்தான். 85ஐ உலகுக்குக் கொடுத்த அதே ஊர். அது அமைந்துள்ள கிங் கவுண்டி என்ற மாவட்டம், 1993 முதல் இருந்த ஹெல்மெட் விதியை 2022இல் ரத்து செய்தது. ஹெல்மெட் பயனில்லை என்று யாரும் சொல்லவில்லை. அபராதச் சீட்டுகள் யாருக்குப் போயிருக்கின்றன என்று பார்த்தபோது, வீடில்லாதவர்களுக்கும் கறுப்பினத்தவருக்கும் விகிதத்துக்கு மீறிப் போயிருந்தது தெரிந்தது. தலையைக் காக்கும் விதி, நடைமுறையில் சிலரை மட்டும் நிறுத்தி விசாரிக்கும் சாக்காக மாறியிருந்தது. பொருளின் தரத்தை எவ்வளவு ஆராய்ந்தாலும் இந்த விளைவு கண்ணில் படாது. சட்டத்தைத் தனியாக எடைபோட வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

## கூட்டம் தரும் காவல்

சைக்கிள் ஓட்டுபவர்கள் குறைந்தால் என்ன போயிற்று, இருப்பவர்கள் பத்திரமாக இருந்தால் போதாதா? போதாது. ஒற்றை ஆள் கடக்கும்போது வண்டிகள் நிற்பதில்லை. இருபது பேர் சேர்ந்து சாலையில் இறங்கினால் நிற்கின்றன. பீட்டர் ஜேக்கப்சன் என்பவர் 2003இல் பல ஊர்களின் கணக்கை வைத்து இதைச் சைக்கிளுக்கும் காட்டினார். சைக்கிள் ஓட்டுபவர்கள் இரு மடங்கானால் மோதல்கள் இரு மடங்காவதில்லை, மூன்றில் ஒரு பங்கு அளவுதான் கூடுகின்றன. தனி ஆளுக்கு ஆபத்து சுமார் 34 சதவீதம் குறைகிறது. இதைக் கூட்டப் பாதுகாப்பு என்று சொல்லலாம். கார் ஓட்டுபவர்களின் கண் சைக்கிளை எதிர்பார்க்கப் பழகுகிறது, அவர்களில் பலர் தாங்களும் சைக்கிள் ஓட்டுபவர்களாக இருக்கிறார்கள். பத்திரமான சாலை என்பதால் கூட்டம் வந்ததா, கூட்டம் வந்ததால் பத்திரமானதா என்ற கோழி முட்டைக் கேள்வி இதில் இருக்கவே செய்கிறது. இரண்டுமாக இருக்கலாம்.

கார் ஓட்டுபவரின் மனம் ஹெல்மெட்டைப் பார்த்தும் மாறுமா? இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழக உளவியல் ஆய்வாளர் இயன் வாக்கர் 2006இல் தானே சைக்கிள் ஓட்டி, தூரம் அளக்கும் கருவியோடு இதைச் சோதித்தார். அவர் ஹெல்மெட் அணிந்தபோது வண்டிகள் சராசரியாக 8.5 சென்டிமீட்டர் நெருங்கிக் கடந்தன. ஆய்வின்போது ஒருமுறை பேருந்தும் ஒருமுறை லாரியும் அவரை இடித்தன. இரண்டு முறையும் அவர் தலையில் ஹெல்மெட் இருந்தது. பாதுகாப்பு கூடியதாகத் தோன்றினால் மனிதர்கள் துணிச்சலைக் கூட்டிக்கொள்வார்கள் என்ற இந்தக் கருத்துக்கு அபாய ஈடுகட்டல் என்று பெயர். அதே தரவை 2013இல் வேறு இருவர் திரும்ப ஆராய்ந்து, 1 மீட்டருக்குள் ஆபத்தாக நெருங்கியவற்றில் ஹெல்மெட்டால் வேறுபாடு இல்லை என்றார்கள். வாக்கர் அதை ஏற்கவில்லை. இதை வைத்து ஹெல்மெட்டைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்பது என் எண்ணம். 8 சென்டிமீட்டருக்குத் தலையைப் பணயம் வைப்பது நல்ல பேரமாகத் தெரியவில்லை.

இந்தப் பகுதியின் சாரம்: சட்டம் அணிபவர்களைக் கூட்டும், ஓட்டுபவர்களைக் குறைக்கவும் கூடும். நிகர விளைவு ஊருக்கு ஊர் மாறும். சைக்கிள் ஏற்கெனவே அரிதாக உள்ள ஊரில் அந்த இழப்பு அதிகம் உறைக்கும்.

## ஓட்டைப் படகும் மிதவைச் சட்டையும்

படகில் ஏறும்போது மிதவைச் சட்டை போடச் சொல்கிறார்கள். போட வேண்டியதுதான். ஆனால் படகின் அடியில் ஓட்டை இருந்து, அதை அடைக்காமல் ஆளுக்கொரு மிதவைச் சட்டை மட்டும் கொடுத்தால்? தொழிற்சாலைப் பாதுகாப்பில் இதற்கு ஒரு பாதுகாப்புப் படிநிலை உண்டு. முதலில் ஆபத்தையே அகற்று. முடியாவிட்டால் அதை ஆளிடமிருந்து பிரித்து வை. பிறகு விதி, பயிற்சி. கடைசியில் உடலில் அணியும் கவசம். கவசம் கடைசிப்படியில் இருப்பது அது மட்டமானது என்பதால் அல்ல. மற்ற எல்லாம் தவறிய பிறகே அதற்கு வேலை வருகிறது என்பதால்.

சைக்கிளுக்கு மேற்படிகள் எவை என்பதற்கு நெதர்லாந்து பெரிய உதாரணம். 1971இல் அங்கே சாலை விபத்துகளில் சுமார் 3,300 பேர் இறந்தார்கள். அவர்களில் 400க்கும் மேற்பட்டவர்கள் குழந்தைகள். "குழந்தைகளைக் கொல்வதை நிறுத்து" என்றே பெயர் வைத்துக்கொண்டு பெற்றோர் தெருவில் இறங்கினார்கள். அடுத்த பத்தாண்டுகளில் தனிச் சைக்கிள் பாதைகளும் குடியிருப்புத் தெருக்களில் வேகக்குறைப்பும் பரவின. இன்று அங்கே தினசரி ஓட்டுபவர்களில் ஹெல்மெட் அணிபவர்கள் மிகக் குறைவு, ஆனால் ஓட்டும் தூரத்துக்கு இறப்பு உலகிலேயே மிகக் குறைவான நாடுகளில் அதுவும் ஒன்று. ஹெல்மெட் தேவையில்லை என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுபவர்கள் ஒன்றைச் சொல்லாமல் விடுகிறார்கள்: அங்கேயும் வயதானவர்கள் தாமாக விழுந்து தலையில் அடிபடுகிறார்கள், அவர்களை ஹெல்மெட் அணியச் சொல்லும் மருத்துவர்களும் இருக்கிறார்கள். நல்ல பாதை லாரியைத் தள்ளி வைக்கும். வழுக்கி விழுவதை முழுவதுமாக நிறுத்தாது.

சில தீர்வுகள் வியப்பாகச் சிறியவை. நிறுத்திய காரின் கதவு திடீரெனத் திறந்து சைக்கிள்காரர் அதில் மோதுவது பழைய ஆபத்து. கதவுக்குப் பக்கத்தில் உள்ள கையால் திறக்காமல் மறு கையை நீட்டித் திறந்தால் உடல் தானாகத் திரும்பும், கண் பின்னால் பார்க்கும். இதற்கு "டச்சு முறை" என்று பெயர். 2022இல் பிரிட்டனின் சாலை விதிநூல் இதைச் சேர்த்துக்கொண்டது. செலவு ஒன்றுமில்லை, ஹெல்மெட் வேலை செய்ய வேண்டிய ஒரு விபத்து குறைகிறது.

## தலையில் எங்கே உட்கார வேண்டும்

மேற்படிகள் நம் கையில் இல்லாத நாளில் கடைசிப்படியையாவது ஒழுங்காகப் பயன்படுத்தலாம். ஹெல்மெட்டைப் பின்னால் தள்ளி நெற்றி முழுக்கத் தெரியும்படி போடுவதுதான் அதிகம் காணும் தவறு. முன்பக்க அடி அங்கேதான் விழும். புருவத்துக்கு மேல் இரண்டு விரல் இடம் விட்டு, மட்டமாக உட்கார வேண்டும். காதைச் சுற்றி இருபுறமும் பட்டைகள் காதுமடலுக்குக் கீழே ஒன்றுசேர வேண்டும். தாடைப் பட்டைக்கும் தாடைக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் அளவு போதும். பூட்டாமல் தலையை ஆட்டிப் பாருங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து ஆடினால் அளவு சரி, தனியாக ஆடினால் வேறு அளவு வேண்டும்.

குழந்தைகள் விஷயத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று. சைக்கிளை நிறுத்திவிட்டு ஊஞ்சலிலோ ஏறுகம்பியிலோ விளையாடப் போகும் பிள்ளையின் ஹெல்மெட்டைக் கட்டாயம் கழற்றிவிட வேண்டும். உடல் நுழையும் இடைவெளியில் ஹெல்மெட் நுழையாமல் மாட்டிக்கொண்டு, தாடைப் பட்டையில் குழந்தை தொங்கிக் கழுத்து நெரிபட்டு இறந்த விபத்துகள் நடந்திருக்கின்றன. சைக்கிளிலிருந்து இறங்கியதும் ஹெல்மெட்டும் இறங்கிவிடட்டும்.